தொட்டியில் மீன் வளர்க்கிற நாம் தட்டில் மீன் சாப்பிடுவது பற்றி

விரால்வீடு, யாங்கோன்

எல்லாருக்கும் வணக்கம். இதை இங்கே யாரும் நேராகக் கேட்டதில்லை, நான் கேட்கிறேன். வீட்டில் மீன் வளர்க்கிற நீங்கள் மீன் சாப்பிடுகிறீர்களா? எதைச் சாப்பிடுவீர்கள், எதைத் தொட மாட்டீர்கள், ஏன்?

முதலில் என் பக்கம். நான் வளர்ப்பது விரால் ஜாதி. ரக்கைன் மலையோரத்து ஓடைகளில் இருந்து வரும் சன்னா புல்க்ரா, சன்னா ஓர்னாட்டிபின்னிஸ் என்ற சின்ன விரால்கள் சில. 2007-ல்தான் இந்த இரண்டுக்கும் அறிவியல் பெயர் வைத்தார்கள், இன்று உலகம் முழுக்க தொட்டிக்காரர்கள் தேடுகிறார்கள். இவற்றோடு ஒரு பெரிய தொட்டியில் சாதாரண நாட்டு விரால் ஒன்று, விரல் நீளக் குஞ்சாக வாங்கியது. விராலுக்கு நான் மாறியதற்குக் காரணம் கரண்ட். எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஊரில் காற்று பம்பை நம்பி கோல்ட்ஃபிஷ் வைக்க முடியவில்லை. விரால் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போய்விடும்.

போன மாதம் அப்பாவுக்கு ஆபரேஷன். புண் சீக்கிரம் ஆற விரால் சாறு வைத்துக் கொடுக்க வேண்டும் என்று அம்மா சொன்னார், சந்தைக்கு என்னை அனுப்பினார். அலுமினியப் பேசினில் நாலு விரல் தண்ணீர், அதில் பத்துப் பதினைந்து விரால் ஒன்றின் மேல் ஒன்றாக. ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கி, வாயைத் திறந்து, காற்றை இழுத்து, செவுள் வழியாக ஒரு குமிழியை விட்டுவிட்டு மறுபடி அமுங்கும். என் தொட்டி விரால் செய்கிற அதே வேலை, அதே சத்தம். வாங்கிக் கொடுத்தேன். அப்பா சாப்பிட்டார், தேறிவிட்டார். நான் அந்தச் சாற்றைத் தொடவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை மொய்ங்கா, அதுதான் நம் ஊர் மீன் குழம்பு நூடுல்ஸ், சாப்பிட்டேன், அதில் போடுவது கெளுத்தி. அதில் எனக்கு ஒரு தயக்கமும் வரவில்லை.

விரால் மட்டும் ஏன் கசக்கிறது, கெளுத்தி ஏன் கசக்கவில்லை? இதற்கு எனக்கு ஒழுங்கான பதில் வேண்டும். அதனால்தான் இந்த இழை.


மொய்ங்கா அக்கா, தட்டோன்

தம்பி, அப்பா தேறியது சந்தோஷம்.

எனக்கு இதில் குழப்பமே இல்லை. வளர்ப்பு வேறு, சோறு வேறு. எங்கள் வீட்டு சிமெண்ட் தொட்டியில் கோல்ட்ஃபிஷ், கப்பி, இரண்டு பெரிய கொய் எல்லாம் இருக்கிறது. காலை நாலு மணிக்கு எழுந்து கெளுத்தியை எலுமிச்சைப்புல், மஞ்சள், இஞ்சி போட்டு வேகவைத்து முள் எடுக்கிறேன். அந்தச் சதையை வெங்காயம், பூண்டோடு எண்ணெயில் வதக்கி, வறுத்த அரிசி மாவு கரைத்து ஊற்றி, வாழைத்தண்டு சேர்த்தால் மொய்ங்கா. அதில்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அந்தக் கெளுத்தியிடம் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அதை நான் வளர்க்கவில்லை, பெயர் வைக்கவில்லை, தினமும் முகம் பார்க்கவில்லை.

பெயர் வைத்ததைத் தின்னக் கூடாது. என் அம்மா கோழிக்குச் சொன்ன சட்டம் அது. மீனுக்கும் அதுவே போதும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். குளத்தில் விரால் குஞ்சு செந்நிறமாகக் கூட்டமாகத் திரியும்போது தாயும் தகப்பனும் காவலுக்குச் சுற்றும். அந்தக் கூட்டத்துக்கு மேலே தூண்டிலைப் போட்டு, காக்க வருகிற தாயைப் பிடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிப் பிடித்த விராலை என் வீட்டுக்கு யாரும் கொண்டுவரக் கூடாது.


பச்சைப்பாசி, யாங்கோன்

நான் மீன் வளர்க்க ஆரம்பித்த பிறகுதான் மீன் சாப்பிடுவதை விட்டேன். வீட்டில் புரட்டாசி சனிக்கிழமை மட்டும் சைவம், மற்ற நாள் எல்லாம் உண்டு. எனக்கு மட்டும் இப்போது வருஷம் முழுக்கப் புரட்டாசி.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆஸ்கார் என்ற மீன் ஒன்று வளர்க்கிறேன். நான் அறைக்குள் வந்தால் கண்ணாடிக்கு வரும், தங்கச்சி வந்தால் வராது. சாப்பாட்டு டப்பா கையில் இல்லாவிட்டாலும் வரும். அமேசான் கரையில் அந்த ஆஸ்காரைப் பிடித்துச் சுட்டுச் சாப்பிடுகிறார்கள் என்று படித்தேன். அவர்கள் மேல் கோபம் வரவில்லை, அது அவர்கள் ஊர் மீன். ஆனால் ஒன்று புரிந்தது: எந்த ஊர் மீனும் யாரோ ஒருவர் முகத்தைப் பழகக் கூடியதுதான். அதற்குப் பிறகு கெளுத்தி, விரால் என்று பிரிக்க எனக்கு வரவில்லை.

விரால்வீடு அண்ணே, உங்களுக்குக் கெளுத்தி கசக்காததற்குக் காரணம் நீங்கள் கெளுத்தி வளர்க்காததுதான். வளர்த்துப் பாருங்கள்.


சின்னக்கடை, மோல்மீன்

பச்சைப்பாசி தங்கச்சி, கோபப்படாதே, ஒரு கேள்வி. உன் ஆஸ்காருக்கு என்ன போடுகிறாய்? கடையில் வாங்குகிற குருணைத் தீனி பெரும்பாலானவற்றில் முதல் சரக்கு மீன்தூள். பெரு நாட்டுக் கடலில் நெத்திலியை டன் டன்னாகப் பிடித்து அரைத்து உலகத்துக்கு அனுப்புகிறார்கள், அதில் ஒரு பங்கு நம் தீனி டப்பாவுக்கு வருகிறது. நீ ஒரு மீன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, உன் மீனுக்கு ஆயிரம் நெத்திலியை அரைத்துப் போடுகிறாய். நான் மீன் கடை வைத்திருக்கிறவன், தீனி விற்கிறவன், அதனால் சொல்கிறேன்.


பச்சைப்பாசி, யாங்கோன்

கோபம் இல்லை அண்ணே, சரியான கேள்வி. ஆஸ்கார் மாமிசம் தின்னும் பிறவி, அதை என்னோடு விரதம் இருக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் அதைக் கூண்டில் வைத்தேன், அதற்குத் தேவையானதைப் போட வேண்டியது என் கடமை. என்னால் முடிந்த அளவு மண்புழு, புழுவகைத் தீனி போடுகிறேன், மீதிக்குக் குருணை. எனக்கு அரிசி, பருப்பு இருக்கிறது, தேர்வு இருக்கிறது. அதற்கு இல்லை. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

இன்னொன்று, அடுத்த தடவை மீன் எடுக்கும்போது மாமிசம் தின்னாத ஜாதியைத்தான் எடுப்பேன்.


நிர்வாகி

பேச்சு நன்றாகப் போகிறது. யார் சைவம், யார் அசைவம் என்று மதத்தை இழுக்காமல் இதே மரியாதையோடு தொடருங்கள்.


பெகு வாத்தியார்

நான் பள்ளியில் அறிவியல் எடுத்தவன், ஓய்வு பெற்றுவிட்டேன். விரால்வீடு தம்பி ஒழுங்கான பதில் கேட்டதால் எழுதுகிறேன்.

மீனுக்கு வலிக்குமா என்பதில் 2003-ல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன் என்பவரும் அவர் கூட்டாளிகளும் செய்த சோதனை முக்கியமானது. ரெயின்போ டிரவுட் மீனின் உதட்டில் தேனீ விஷமும் அசெட்டிக் அமிலமும் செலுத்தினார்கள். அந்த மீன்கள் உதட்டைச் சரளைக் கல்லில் தேய்த்தன, பக்கவாட்டில் ஆடின, மற்ற மீன்களைவிட வெகுநேரம் கழித்தே சாப்பிட வந்தன. காயத்தை உணரும் நரம்பு முனைகள் அவற்றின் தலையில் இருப்பதையும் காட்டினார்கள். மார்பின் கொடுத்தபோது அந்த நடத்தை குறைந்தது. மனித மூளையில் உள்ள புறணி மீனுக்கு இல்லை, அதனால் நாம் உணர்வது போன்ற வலி அதற்கு இருக்க முடியாது என்று மறுக்கும் விஞ்ஞானிகளும் உண்டு. எனக்கு ஸ்னெடன் பக்கமே பலமாகத் தெரிகிறது.

பச்சைப்பாசி சொன்ன முகம் பழகும் விஷயமும் வெறும் பாசத்தில் சொல்வது அல்ல. 2016-ல் வில்லாளி மீன்களை வைத்துச் சோதித்தார்கள், தண்ணீரைத் துப்பி பூச்சியை விழவைக்குமே, அந்த மீன். பழக்கிய ஒரு மனித முகத்தை மற்ற பல முகங்களில் இருந்து பிரித்து, சரியான படத்தின் மேல் துப்பின. அந்தக் குடும்பத்தில் ஒரு ஜாதி நம் பர்மா ஆறுகளுக்கே உரியது.

இனி என் கருத்து. சாப்பிடலாமா கூடாதா என்பதைவிட எப்படிக் கொல்கிறோம் என்பது பெரிய கேள்வி, அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. கடல் மீன் பெரும்பாலும் வலையில் வந்த கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். விராலும் கெளுத்தியும் அப்படி அல்ல. தலையில் செவுளுக்கு மேலே காற்றை உறிஞ்சும் உறுப்பு இருப்பதால் ஈரம் இருந்தால் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்த வரத்தால்தான் அவை பேசினில் கிடந்து அவதிப்படுகின்றன.

வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். கொழகொழப்புப் போக, உயிரோடு இருக்கிற கெளுத்தியின் மேல் உப்பையும் சாம்பலையும் போட்டுத் தேய்ப்பார்கள். கெளுத்திக்குச் சுவை மொட்டுகள் வாயில் மட்டும் இல்லை, மீசையிலும் உடம்பு முழுத் தோலிலும் இருக்கின்றன. நம் நாக்கில் கல் உப்பை அள்ளிப் போட்டுத் தேய்க்கிற மாதிரிதான் அது. தொட்டியில் உப்பு மருந்து ஒரு சிட்டிகை கூடினாலே நாம் பதறுகிறோம். அடுப்படியில் அதே மீனுக்குப் பிடி பிடியாகப் போடுகிறோம்.

உப்புத் தேய்க்கும் முன் மீனைக் கொன்றுவிடுங்கள். கண்ணுக்குச் சற்றுப் பின்னால், உச்சந்தலையில், கனமான கட்டையால் ஒரே அடி. பிறகு உடனே செவுளை அறுத்து ரத்தத்தை விடுங்கள். ஜப்பானில் கூர்முனையை நேராக மூளையில் இறக்குகிறார்கள், அப்படிச் செய்த மீன் ருசியும் கெடாது, ஏனென்றால் துடித்துத் துடித்துச் செத்த மீனின் சதை சீக்கிரம் கெட்டுப்போகும். இரக்கமும் ருசியும் இதில் ஒரே பக்கம் நிற்கின்றன.


முத்துமீன், தவுஞ்ஜி

வாத்தியார் ஐயா, உப்பு விஷயம் எனக்குத் தெரியாது. வீட்டில் படித்துக் காட்டினேன், அம்மா வாயடைத்துப் போனார்.

ஷான் மலைப் பக்கத்தில் இருந்து ஒரு கதை. இங்கிருந்து கிழக்கே ஹோபோங் பக்கத்துக் குட்டைகளில் 2006-ல் ஒரு மீனைக் கண்டுபிடித்தார்கள். ஒரு அங்குலம்கூட இல்லை. கருநீல உடம்பில் முத்துப் புள்ளி, துடுப்பில் சிவப்புக் கோடு. கேலக்ஸி ரஸ்போரா என்று பெயர் வைத்து விற்றார்கள், இப்போது டானியோ மார்கரிடேட்டஸ். வெளிநாட்டுத் தொட்டிக்காரர்கள் பைத்தியமாய் அலைந்தார்கள். அடுத்த சில மாதத்தில் குட்டைகள் காலியாகின்றன என்று பயந்து 2007-ல் ஏற்றுமதியை அரசே நிறுத்தி வைத்தது. பிறகு வேறு குட்டைகளிலும் இருப்பது தெரிந்தது, தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவும் ஆரம்பித்தது. இப்போது தப்பித்துவிட்டது என்று சொல்லலாம்.

அதற்கு முன்னே அந்த மீனை இங்கே உள்ளவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எப்போதாவது அள்ளிக் காயவைத்து மலிவுக் கருவாடாக விற்றார்கள். அப்படி எத்தனை வருஷம் தின்றும் அது அழியவில்லை. நம்மைப் போல ஆசையாக வளர்க்கிறவர்கள் வந்த சில மாதத்தில்தான் அழியப் பார்த்தது.

அதனால் சாப்பிடுகிறவன் கெட்டவன், வளர்க்கிறவன் நல்லவன் என்ற பேச்சு எனக்கு ஒட்டுவதில்லை. நான் வளர்க்கிறேன், காட்டில் பிடித்ததை வாங்க மாட்டேன், தொட்டியில் பிறந்ததை மட்டும் வாங்குவேன். இன்லே ஏரிப் பக்கம் போனால் மீன் போட்டுப் பிசைந்த சோறும் சாப்பிடுவேன்.


சின்னக்கடை, மோல்மீன்

முத்துமீன் சொன்னது நூற்றுக்கு நூறு. கடைக்கு வருகிற காட்டு மீனில் வழியிலேயே சாகிறது எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. தட்டில் விழுந்த மீனாவது ஒருவர் பசியைத் தீர்த்தது.


கொளத்தூர் பேரன், சென்னை

குறுக்கே வருகிறேன். தாத்தா 1960-களில் ரங்கூனில் இருந்து கப்பலேறி வந்தவர், அந்தப் பாசத்தில் இங்கே படிக்கிறேன். நான் இருப்பது கொளத்தூர், சென்னையில் வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர் போன இடம். தெருவில் பாதி வீட்டில் மொட்டை மாடியில் தொட்டி. ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலும் மீன் குழம்பு. யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை. ஆனால் இங்கே உப்பு பற்றி எழுதியதைப் படித்துவிட்டு நானும் அம்மாவிடம் பேசப் போகிறேன்.


கட்டைவிரல், யாங்கோன்

ஒரு சந்தேகம். ஜயண்ட் கௌராமி ஒன்று வளர்த்தேன், தொட்டிக்கு மேல் வளர்ந்துவிட்டது. கடையில் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்கள். மாமா, "அது சாப்பாட்டு மீன்தானே, குழம்பு வைத்துவிடு" என்கிறார். செய்யலாமா?


சின்னக்கடை, மோல்மீன்

செய்யாதே தம்பி. பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், உடம்புக்கே ஆகாது. வெள்ளைப் புள்ளி நோய்க்கும் பூஞ்சைக்கும் மருந்து ஊற்றியிருப்பாய் இல்லையா? பச்சையாக இருக்கும் அந்த மருந்தில் பெரும்பாலும் மாலகைட் கிரீன் இருக்கும். அது மீன் சதையில் தங்கும். சாப்பாட்டு மீன் பண்ணைகளில் அதைப் பல நாடுகள் தடை செய்திருக்கின்றன, புற்றுநோய் பயம் உண்டு. தொட்டி மீனுக்கு மருந்து தயாரிக்கிறவன் அதை யாரோ தின்பார்கள் என்று நினைத்துத் தயாரிப்பதில்லை. மருந்து பட்ட தொட்டி மீனை யாரும் சாப்பிடக் கூடாது.

மோல்மீன் பக்கம் கொண்டுவர வழி இருந்தால் என் கடைக் குளத்தில் இடம் இருக்கிறது. காசு வேண்டாம்.


கட்டைவிரல், யாங்கோன்

நன்றி அண்ணே. இதுவரை ஆற்றில் விட்டுவிடலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. பர்மிய கசோன் மாதப் பௌர்ணமிக்கு எல்லாரும் மீன் விடுகிறார்களே, புண்ணியம்தானே?


ஜீவதயவு, தன்லின்

தம்பி, நில்லு. மீன் விடுவது பற்றி நான் சொல்ல வேண்டும், வருஷம் தவறாமல் செய்கிறவன்.

கோடையில் குட்டை வற்றும்போது சேற்றில் மாட்டிக்கிடக்கிற மீனை எடுத்து ஆற்றில் விடுவது இந்த நாட்டில் பழைய புண்ணியம். அந்த மீன் அதே தண்ணீரைச் சேர்ந்தது. தண்ணீர்த் திருவிழா சமயத்தில் சந்தையில் கெளுத்தியும் விராலும் வாங்கி விடுகிறார்கள், அதுவும் நாட்டு மீனாக இருந்தால் சரி. ஆனால் பண்ணையில் வளர்க்கிற ஆப்பிரிக்கக் கலப்புக் கெளுத்தி, தொட்டி சுத்தம் செய்யும் உறிஞ்சு மீன், உன் கௌராமி, இவற்றை ஆற்றில் விட்டால் ஒரு மீனைக் காப்பாற்றி நூறு மீனைக் கொல்கிறாய். உறிஞ்சு மீன் ஆசிய ஆறுகள் பலவற்றில் இப்படித்தான் பரவிக் கிடக்கிறது. கட்டாயம் விடாதே.

இழையின் கேள்விக்கு என் பதில். பீலிக்கான் கோயிலுக்குப் போகும்போது சௌக்தான் யேலே பகோடாவுக்கும் போவோம். ஆற்று நடுவில், படகில் போக வேண்டும். அங்கே பெரிய பெரிய கெளுத்திகள் படிக்கட்டு வரை வந்து பொரிக்கு வாய் திறக்கும். பிள்ளைகள் தலையைத் தொட்டுப் பார்ப்பார்கள். யாரும் பிடிக்க மாட்டார்கள். அங்கே போட்டுவிட்டு, கரைக்கு வந்ததும் கடையில் மீன் குழம்போடு சோறு தின்கிறவர்களைத் தினமும் பார்க்கலாம். எனக்கு அது பொய்யாகப் படவில்லை. ஓரிடத்திலாவது மீனைத் தின்னாமல் நின்று பார்க்கிறார்கள். நான் மாதத்தில் பௌர்ணமி, அமாவாசை, இரண்டு ஏகாதசி ஆகிய நாட்களில் மீன் தொடுவதில்லை. மற்ற நாளில் சாப்பிடுகிறேன்.


விரால்வீடு, யாங்கோன்

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன்.

பச்சைப்பாசி தங்கச்சி சொன்னதுதான் என் கேள்விக்கு நேரான பதில்: நான் கெளுத்தி வளர்க்கவில்லை, அதனால் கசக்கவில்லை. பழக்கம் இருக்கிற மீன்மேல் பாசம், பழக்கம் இல்லாததன்மேல் பசி. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பாசம் இல்லை என்பதற்காக வாத்தியார் ஐயா சொன்ன உப்பையும் பேசினையும் ஒத்துக்கொள்ள முடியாது. பாசம் என் வீட்டு விஷயம், வலி அந்த மீனின் விஷயம்.

அதனால் இனி இப்படிச் செய்யப்போகிறேன். விரால் சாப்பிட மாட்டேன், அது என் மனசுக்கு. கெளுத்தி வாங்குவேன், ஆனால் உயிரோடு பிளாஸ்டிக் பையில் தூக்கி வர மாட்டேன். கடைக்காரரையே எனக்கு முன்னால் தலையில் அடித்துக் கொன்று தரச் சொல்வேன். முடிந்த மட்டும் ரோகு வாங்குவேன், ஐராவதி முகத்துவாரப் பண்ணைக் குளத்தில் வளர்ந்தது. பிடித்த கொஞ்ச நேரத்தில் ஐஸில் ஏறிவிடுகிறது, கெளுத்தி மாதிரி நாள் முழுக்க பேசினில் கிடப்பதில்லை.

பச்சைப்பாசி, உன் வழிக்கு நான் இன்னும் வரவில்லை. வந்தால் சொல்கிறேன்.


மொய்ங்கா அக்கா, தட்டோன்

வாத்தியார் ஐயா, எனக்குத் தினமும் கெளுத்தி வீசைக் கணக்கில் வருகிறது. ஒவ்வொன்றாக அடிக்க நேரம் ஆகுமே. மொத்தமாக ஐஸ் தண்ணீரில் போட்டால் தூங்கிவிடாதா?


பெகு வாத்தியார்

இல்லை அம்மா. அடங்கிப்போனது போலத் தெரியும், ஆனால் உயிர் போக வெகுநேரம் ஆகும், அதுவும் கெளுத்திக்கு. ஐஸில் போட்டு அடங்க வைத்துவிட்டு, அடங்கியதும் ஒவ்வொன்றாக எடுத்துத் தலையில் அடியுங்கள். துள்ளாது, கையில் முள் குத்தாது, வேலையும் வேகமாக முடியும். உப்பு, சாம்பல் எல்லாம் அதற்குப் பிறகு.


மொய்ங்கா அக்கா, தட்டோன்

சரி ஐயா. நாளைக்கே மருமகனிடம் கட்டையும் ஐஸ் பெட்டியும் எடுத்துவரச் சொல்கிறேன்.